சேப்பாக்கத்தில் எம்.ஏ. சேரப் போகிறவர்களுக்கு

போன மாதம் அண்ணன் மகள் போன் செய்தாள். "அத்தை, மெட்ராஸ் யுனிவர்சிட்டியில எம்.ஏ.வுக்கு அப்ளிகேஷன் போட்டுட்டேன். நேர்ல போய்ப் பார்த்துட்டும் வந்தேன். ஆனா கேம்பஸ் எங்க இருக்குன்னே தெரியல. பெருசா ரெண்டு கட்டடம், கொஞ்சம் மரம், அதுக்குள்ள ரோடு வந்துடுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 2003 ஜூலையில் சங்கராபுரம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்த நானும் இப்படித்தான் முழித்தேன். அத்தனை பழைய பல்கலைக்கழகம் என்றால் உள்ளேயே பஸ் ஓடும், ஏரி இருக்கும், மான் மேயும் என்று கற்பனை. வந்து பார்த்தால் கிழக்கே கடற்கரைச் சாலை, தெற்கே வாலாஜா சாலை, வடக்கே கூவம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பதற்குள் ஒரு கடலை மிட்டாய்கூடத் தீராது.

அவளுக்குப் போனில் ஒரு மணி நேரம் சொன்னேன். "எழுதிக் குடுத்துடுங்க அத்தை, ஞாபகம் இருக்காது" என்றாள். எழுத உட்கார்ந்ததும், அவளைப் போல முதல் தலைமுறையாகப் பட்டணம் வந்து படிக்கிற மற்றவர்களுக்கும் ஆகட்டுமே என்று தோன்றியது. நான் படித்தது வரலாறு, இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நடத்துவதும் அதுதான். அதனால் நடுநடுவே பழங்கதை வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கதை தெரிந்தால்தான் கவுண்டரில் எதற்கு இத்தனை கூட்டம், வகுப்பில் எதற்கு இத்தனை குறைவான ஆட்கள் என்பது விளங்கும்.

பரீட்சை வைக்கப் பிறந்த இடம்

1839 நவம்பரில், அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன், 70,000 பேர் கையெழுத்துப் போட்ட மனு ஒன்றைக் கவர்னர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் கொடுத்தார். சென்னைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று. மனு கொடுத்து 18 வருஷம் கழித்து, 1857 செப்டம்பர் 5-ஆம் தேதிச் சட்டத்தால் அது கிடைத்தது. கல்கத்தாவுக்கு அதே ஆண்டு ஜனவரியில், பம்பாய்க்கு ஜூலையில். வடக்கே சிப்பாய்கள் துப்பாக்கி தூக்கியிருந்த வருஷம், இங்கே பட்டம் வழங்கச் சட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் கிடைத்தது பாடம் நடத்துகிற இடம் அல்ல. மாதிரியாக எடுத்துக்கொண்டது அன்றைய லண்டன் பல்கலைக்கழகத்தை. பாடத்தைக் கல்லூரிகள் பார்த்துக்கொள்ளும். பல்கலைக்கழகம் பரீட்சை வைத்து, தேறினவர்களுக்குப் பட்டம் தரும். அவ்வளவுதான். முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம் பிள்ளை, கறோல் விசுவநாத பிள்ளை இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர்கள் பட்டம் வாங்கியபோது பல்கலைக்கழகத்தின் பெரிய மண்டபமான செனட் ஹவுஸுக்கு ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. பின்னாளில் கலித்தொகையை 1887-இல் அச்சேற்றிய தாமோதரம் பிள்ளைக்கு இந்த வளாகத்து மரத்தடியில் உட்கார்ந்து படித்த நினைவு எதுவும் இருந்திருக்க வழியில்லை.

எனக்கும் அப்படித்தான். திருவண்ணாமலையில் பி.ஏ. சேர்ந்தபோது, முதல் வருஷ மதிப்பெண் பட்டியலின் தலையில் 'சென்னைப் பல்கலைக்கழகம்' என்று அச்சாகியிருந்தது. அதுவரைக்கும் எனக்குப் பல்கலைக்கழகம் என்றால் ஒரு முத்திரை. மார்க் போடுகிற, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆபீஸ். ஒரு காலத்தில் தென்னிந்தியா முழுக்க அந்த முத்திரை ஓடியது. 1916-இல் மைசூர், 1926-இல் ஆந்திரா, 1929-இல் அண்ணாமலை, 1966-இல் மதுரை என்று ஒவ்வொன்றாகத் தனிக்குடித்தனம் போக, இப்போது மிஞ்சியது சென்னையும் சுற்று வட்டாரமும். கூட்டுக்குடும்பத்துப் பெரிய வீட்டில் கடைசியாக இருக்கிற பாட்டி மாதிரி.

இதில் உங்களுக்கு வேண்டிய சங்கதி என்னவென்றால், வளாகத்தில் நீங்கள் பார்க்கும் கூட்டத்தில் பெரும்பாலோர் இங்கே படிப்பவர்கள் இல்லை. இணைப்புக் கல்லூரிகளிலும் தொலைதூரக் கல்வியிலும் படித்துவிட்டு, சான்றிதழுக்கும் அரியர் ஃபீஸுக்கும் அலைகிறவர்கள். துறைகளில் உட்கார்ந்து படிக்கிற நாம் ஒரு சின்ன ஊர். எங்கள் வகுப்பில் 18 பேர். ரெகுலராக வந்தது 13. யார் எந்த ஊர், யார் வீட்டில் எத்தனை ஆடு என்பதுவரை தெரியும். இந்தச் சின்ன அளவுதான் இந்த இடத்தின் சொத்து. பேராசிரியர் அறைக் கதவைத் தட்டினால் திறக்கும். தட்டத்தான் நமக்குக் கூச்சம்.

நான் தட்டவே ஒரு செமஸ்டர் ஆனது. நீங்கள் அத்தனை நாள் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எந்த வளாகம் என்று முதலில் பாருங்கள்

சேப்பாக்கம் மட்டுமே பல்கலைக்கழகம் என்று நினைத்து, கவுன்சலிங் நாளில் தவறான வளாகத்துக்கு வந்து நின்றவர்கள் எங்கள் காலத்திலேயே உண்டு. வரலாறு, பொருளியல், தத்துவம், கணிதம் போன்றவை சேப்பாக்கத்தில். தமிழ் உள்ளிட்ட மொழித்துறைகள் அதே கடற்கரைச் சாலையில் தெற்கே தள்ளி, மெரினா வளாகத்தில். அறிவியல் துறைகள் பெரும்பாலும் கிண்டியில்; அதை அண்ணா பல்கலைக்கழகத்தோடு குழப்பிக்கொள்ளாதவர் குறைவு. அடிப்படை மருத்துவ அறிவியல் தரமணியில். கடிதத்தில் வளாகத்தின் பெயர் இருக்கும், அதை வாசித்துவிட்டுக் கிளம்புங்கள்.

வருகிற வழி: வேளச்சேரி, திருவான்மியூர் பக்கமிருந்து பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் நிறுத்தம். தாம்பரம் பக்கமிருந்து வருபவர்கள் பார்க்கில் இறங்கி, எதிரே பார்க் டவுன் போய் மாற வேண்டும். மெட்ரோ என்றால் அரசினர் தோட்டத்தில் இறங்கி, வாலாஜா சாலையில் நேராகக் கடலைப் பார்த்து நடக்க வேண்டும், வெயிலில் கொஞ்சம் தூரம்தான். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021 மே முதல் டிக்கெட் இல்லை. எங்கள் காலத்தில் அது இருந்திருந்தால் மாதம் எத்தனை ஜெராக்ஸ் எடுத்திருப்பேன் என்று இப்போதும் கணக்குப் போடுவேன். ரயிலுக்கு மாணவர் சலுகையில் சீசன் டிக்கெட் உண்டு. துறையில் கையெழுத்து வாங்கிய படிவத்தோடு போங்கள்.

பஸ்ஸில் மெரினா வளாகத்துப் பக்கம் போகிறவர்கள் 'கண்ணகி சிலை' என்று கேட்டு இறங்குவார்கள். நான் படித்த இரண்டு வருஷமும் அங்கே சிலையே இல்லை. 2001 டிசம்பரில் எடுத்துவிட்டு, 2006 ஜூனில்தான் திரும்ப வைத்தார்கள். ஆனாலும் கண்டக்டர் ஒரு நாளும் குரலை மாற்றவில்லை. "கண்ணகி சிலை இறங்கு" என்பார். இறங்கினால் வெறும் இடம். சென்னையில் வழி கேட்கப் பழகுவது என்பது இதுதான்: இருக்கிறதை வைத்து அல்ல, இருந்ததை வைத்துச் சொல்வார்கள்.

மேட்ச் நாளில் வாலாஜா சாலை நம் சாலை அல்ல. எதிரே ஸ்டேடியம். மதியத்துக்குமேல் போலீஸ் தடுப்பு, மஞ்சள் சட்டை, முகத்தில் வண்ணம் அடித்துவிடும் பையன்கள். ஹால் டிக்கெட் வாங்குவதோ ஃபீஸ் கட்டுவதோ இருந்தால் காலையிலேயே முடித்துவிடுங்கள். 2004 அக்டோபரில் ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட். கடைசி நாள் நமக்கு 210 ரன் பாக்கி, பத்து விக்கெட்டும் கையில். விடிந்தால் மழை. ஒரு பந்துகூடப் போடாமல் டிராவாகிவிட்டது. வகுப்புப் பையன்கள் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். திருவான்மியூரில் எங்கள் சித்தி மட்டும், வீட்டிலிருந்த அண்டா குண்டா எல்லாவற்றையும் மாடித் தண்ணீர் விழுகிற இடத்தில் வரிசையாக வைத்துவிட்டு, "பெய்யட்டும்டி, நல்லா பெய்யட்டும்" என்றாள். அந்த இரண்டு வருஷம் சென்னையில் இருந்தவர்களுக்கு அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று தெரியும்.

தங்கல், தண்ணீர், சோறு

முடிந்தால் விடுதி. கிடைக்காவிட்டால் திருவல்லிக்கேணி. ஆண்களுக்கு அங்கே மேன்ஷன்கள் உண்டு: கட்டில், ஃபேன், சுவரில் ஆணி, போதும். பெண்களுக்குத் தனியார் லேடீஸ் ஹாஸ்டல். நான் முதல் வருஷம் அப்படி ஒன்றில் இருந்தேன். 2003-இல் ஏரிகள் வறண்டு, குழாயில் காற்றுதான் வந்தது. மெட்ரோ வாட்டர் லாரி வரும் நாளில் வார்டன் மாடிப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு வாளி என்று எண்ணுவார். தலைக்குக் குளித்தால் மறுநாள் துணி துவைக்க முடியாது. பல்கலைக்கழக இலச்சினையில் 'கற்றனைத்தூறும் அறிவும் ஆற்றலும்' என்று எழுதியிருக்கும். 'தொட்டனைத் தூறும் மணற்கேணி' என்ற குறளிலிருந்து எடுத்தது. திருவல்லிக்கேணி என்கிற பேரிலேயே கேணி இருக்கிறது. அந்தக் கேணியில் உட்கார்ந்துகொண்டு வாளிக்கு வரிசையில் நின்றோம். அறை பார்க்கப் போகும்போது ஜன்னல், வெளிச்சம், வாடகை எல்லாம் கேட்பீர்கள். குழாயைத் திறந்து பாருங்கள். அதுவும் ஏப்ரல், மே மாதத்தில் போய்த் திறந்து பாருங்கள். அட்வான்ஸ் திரும்பத் தருவதைப் பற்றி ஒரு காகிதத்திலாவது எழுதி வாங்குங்கள். நான் வாங்கவில்லை. அந்தப் பணம் போனது போனதுதான்.

இரண்டாம் வருஷம் சித்தி வீட்டுக்கு மாறினேன். 2004 ஜனவரியில்தான் பறக்கும் ரயில் திருவான்மியூர்வரை நீண்டிருந்தது. ஸ்டேஷன்கள் அரண்மனை மாதிரி, ஆட்கள் விரல்விட்டு எண்ணலாம். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் தனியாக ஏறாதே என்பது சித்தியின் சட்டம். இப்போது கூட்டம் இருக்கிறது, ஆனாலும் படிக்கட்டுப் பக்கம் நிற்கிற பெட்டியைவிட, ஆள் இருக்கிற பெட்டியைப் பார்த்து ஏறுங்கள்.

சாப்பாட்டுக்குத் திருவல்லிக்கேணி மெஸ்கள். மாதக் கார்டு வாங்கினால் மலிவு, ஊருக்குப் போகிற நாட்களைக் கழித்துக்கொள்வார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எங்கள் காலத்தில் இல்லாத அம்மா உணவகம் 2013-இல் வந்தது: இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. மாதக் கடைசியில் அது பெரிய ஆறுதல். ஸ்காலர்ஷிப் வந்த நாளில் ரத்னா கஃபே. 1948-லிருந்து இருக்கிற கடை. இட்லி மிதக்கிற அளவுக்குச் சாம்பார் ஊற்றுவார்கள். கேட்டால் இன்னும் ஊற்றுவார்கள். நாங்கள் மூன்று பேர் போய் இரண்டு பிளேட் வாங்கி, சாம்பாரில் சரிக்கட்டுவோம்.

ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய்

பரீட்சை வைக்கிற இடம் எப்படி ஆராய்ச்சி செய்கிற இடமாக மாறியது என்பதற்கு ஒரே ஒரு ஆளின் கதை போதும். கணித மேதை ராமானுஜன் எஃப்.ஏ. பரீட்சையில், அதாவது பி.ஏ.வுக்கு முந்தைய படியில், தேறவில்லை. கும்பகோணத்தில் ஸ்காலர்ஷிப்பை இழந்து, பிறகு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1906-இலும் 1907-இலும் எழுதி, கணக்கைத் தவிர மற்றதில் கோட்டைவிட்டார். அவரைத் தோற்கடித்தது சென்னைப் பல்கலைக்கழகத்தின் பரீட்சைதான். 1912 மார்ச்சில் துறைமுகத்தில் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா. அதே பல்கலைக்கழகம் 1913-இல், பட்டம் எதுவும் இல்லாத அந்த ஆளுக்கு, விதியில் இடமில்லை என்ற பேச்சையும் தாண்டி, மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1904 பல்கலைக்கழகச் சட்டத்துக்குப் பிறகு பல்கலைக்கழகமே பாடம் நடத்தலாம், ஆராயலாம் என்றாகி, 1914-இல் வரலாற்றுக்கும் பொருளியலுக்கும் தனிப் பேராசிரியர் பதவிகள் வந்தன. சேப்பாக்கத்தில் கணிதத் துறை இன்றைக்கும் ராமானுஜன் பெயரில்தான் இயங்குகிறது.

அந்த 75 ரூபாய்க்கு ஒரு நிபந்தனை: மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்த வேலையை எழுதித் தர வேண்டும். மூன்று அறிக்கை கொடுத்தார். 1914 மார்ச்சில் கப்பலேறிவிட்டார். எனக்கு இதைச் சொன்னது எங்கள் துறை அம்மா ஒருவர். சொல்லிவிட்டு, "நீயும் மூணு மாசத்துக்கு ரெண்டு பக்கம் எழுதிக் கொண்டா. கணக்கு வேண்டாம், தமிழ்ல எழுது, இங்கிலீஷ்ல எழுது, ஆனா எழுது" என்றார். நான்கு அறிக்கை எழுதினேன். கடைசியில் என் ஆய்வேட்டில் பாதி அந்த எட்டுப் பக்கத்திலிருந்து வளர்ந்ததுதான். யாரும் கேட்காவிட்டாலும் இதைச் செய்யுங்கள். தேதி போட்டு வையுங்கள்.

ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடி எங்கேயும் போகாதீர்கள். முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் இங்கிலாந்திலிருந்து வந்தவர். இங்கே வந்து ஒரு நல்ல காரியம் செய்தார்: மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, லீவுக்குப் போகும்போது அவரவர் கிராமத்தைக் கணக்கெடுத்து வரச் சொன்னார். எத்தனை வீடு, எத்தனை ஏர், யாருக்கு எவ்வளவு கடன், கிணறு எத்தனை. 1918-இல் அது புத்தகமாக வந்தது. அதில் ஓர் ஊர், எங்கள் பக்கமும் சேர்ந்திருந்த பழைய தென்னாற்காடு ஜில்லாவின் இருவேல்பட்டு. 1930களில் அதே ஊர்களுக்குத் திரும்பவும் போய்க் கணக்கெடுத்தார்கள், பிறகும் போனார்கள். எங்கள் ஜில்லாவின் ஓர் ஊர் நூலகத்து அலமாரியில் இருப்பதைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அதுவரைக்கும் வரலாறு என்றால் தஞ்சாவூர், இல்லையென்றால் டெல்லி. நம் ஊர்க் கடனும் கிணறும் வரலாறாகும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

அந்தத் தைரியத்தில் எங்கள் ஊர் ஏரியை எடுத்தேன். மதகு எத்தனை, ஊரே கூடி ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்து எப்போது நின்றது, எந்தத் தெருக்காரருக்கு எந்த மடை. லீவில் ஊருக்குப் போய் அப்பாவின் சிநேகிதர்களிடம் கேட்டு எழுதினேன். "இதுக்கா உன்ன மெட்ராஸ் அனுப்புனோம்?" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் நீர்கட்டியாக, வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலை பார்த்த தாத்தாவைத் தேடிப்பிடித்து சைக்கிளில் கூட்டி வந்ததும் அவர்தான்.

ஊரில் கேட்டது பாதி; மீதி காகிதத்தில். அதற்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். துறைத் தலைவரின் கடிதம் வேண்டும், என்ன தலைப்பு, எந்த ஆண்டுகள் என்பது அதில் தெளிவாக இருக்கட்டும். பென்சில் கொண்டு போங்கள். முதல் நாள் கேட்ட கட்டு அன்றைக்கே கைக்கு வரும் என்று நினைத்து மத்தியானச் சோற்றைக் கட்டாமல் போகாதீர்கள். கன்னிமாரா அருகிலேயே, 1896-இல் திறந்தது, நாட்டில் அச்சாகும் புத்தகம் அங்கே வந்து சேர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. தமிழ்ப் பழைய பத்திரிகை, நாடக நோட்டீஸ், தெருவில் மலிவு விலையில் விற்ற குஜிலிப் பாட்டுப் புத்தகம் வேண்டுமென்றால் தரமணி ரோஜா முத்தையா நூலகம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தை எடுத்துப் போய்ப் படிக்கத் தனி இடம் உண்டு, ஏசியும் உண்டு. மே மாதத்தில் இது சாதாரண விஷயமில்லை.

நூலகத்தில் தனியாக இருக்கப் பழகுவது

நம்முடைய சொந்த நூலகத்தைக் கடைசியாகச் சொல்ல வைத்திருந்தேன். 1936-இல் திறந்த கட்டடம். அதற்கு முன்பே, 1924 ஜனவரியில், பிரசிடென்சி கல்லூரியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் பல்கலைக்கழக நூலகராக வந்தார். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை அவருக்கு. ஆள் வராத நூலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது தண்டனையாக இருக்கிறது, பழைய வேலையையே கொடுங்கள் என்று கல்லூரிக்குப் போய்க் கேட்டார். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வா, அப்போதும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்றார்கள். போனவர் ஆளே மாறித் திரும்பி வந்தார். 1931-இல் அவர் எழுதிய ஐந்து விதிகளை உலகம் முழுக்க நூலகத் துறையில் மனப்பாடம் செய்கிறார்கள். புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. படிக்கிறவரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது.

எனக்கு அந்த ஒரு வாரக் கதைதான் பிடிக்கும். ஊரில் 'தனியாக உட்கார்ந்திருப்பது' என்பதே கிடையாது. யாராவது வந்து என்ன படிக்கிற, எப்ப கல்யாணம் என்பார்கள். இங்கே முதல் மாதம் நூலகத்தில் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் நெஞ்சடைக்கும். எழுந்து கடற்கரைக்குப் போய்விடுவேன். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரே நாற்காலி, ஒரே நேரம், காலை பத்தே காலிலிருந்து ஒன்று வரை. புத்தகம் முடிவதை வைத்து எழாமல், மணியை வைத்து எழுவது. மூன்று வாரத்தில் பழகிவிட்டது. ஊழியர்களுக்கும் முகம் பழகிவிடும். அட்டவணையில் இல்லாத புத்தகம் எந்த மூலையில் இருக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பேர் கேட்டு, "சார்", "மேடம்" என்று கூப்பிட்டு, எடுத்த புத்தகத்தை எடுத்த இடத்தில் வையுங்கள். வேறொன்றும் செய்ய வேண்டாம்.

பல்கலைக்கழகமே வெளியிட்ட பெரிய புத்தகங்களையும் அங்கே ஒருமுறை கையில் தொட்டுப் பாருங்கள். 1924 முதல் 1936 வரை 6 தொகுதியாக வந்த தமிழ் லெக்சிகன் என்கிற பேரகராதி, 1939-இல் அதன் துணைத்தொகுதி. வையாபுரிப் பிள்ளை 1926-லிருந்து அதன் பதிப்பாசிரியர். இணையத்தில் இலவசமாகத் தேடலாம் என்பது சரி, ஆனால் தாளைப் புரட்டினால் தேடின சொல்லுக்கு மேலேயும் கீழேயும் இருக்கிற சொல் கண்ணில் படும். 'மடை' தேடப் போய் 'மடைப்பள்ளி'யில் ஒரு மத்தியானம் போனது எனக்கு.

துறைகளில் அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் நடக்கும். நோட்டீஸ் போர்டில் கோணலாக ஒட்டியிருப்பார்கள், கும்பல் இருக்காது. போங்கள். புரியாவிட்டாலும் டீயும் சமோசாவும் உண்டு, பக்கத்துத் துறைக்காரர் ஒருவராவது பழக்கமாவார். விருப்பப்பாடம் எடுக்கும்போதும் சொந்தத் துறைக்குள்ளேயே சுற்றாமல் அடுத்த கதவைத் தட்டுங்கள். நான் தத்துவத்தில் ஒன்று எடுத்தேன். மார்க் குறைவுதான்.

செனட் ஹவுஸைப் பற்றிக் கேட்பீர்கள். சிசோம் என்கிற கட்டடக்கலைஞர் 1874-க்கும் 1879-க்கும் இடையில் கட்டியது, பிரசிடென்சி கல்லூரியும் அவருடையதே. அதற்கும் முன்னால் கூவம் கரையிலிருந்து பைகிராப்ட்ஸ் சாலை (இன்றைய பாரதி சாலை) வரை ஆற்காடு நவாபின் அரண்மனைத் தோட்டம், 117 ஏக்கர். 1937-இல் சட்டசபை முதலில் கூடியதும் இந்த மண்டபத்தில்தான். எப்போதும் திறந்திருக்காது, நிகழ்ச்சி ஏதாவது நடந்தால் உள்ளே நுழைந்து நிறக்கண்ணாடி ஜன்னல்களைப் பார்த்துவிடுங்கள். மற்ற நாளில் சாயங்காலம் ரோட்டைக் கடந்து, உழைப்பாளர் சிலைப் பக்கம் நின்று திரும்பிப் பார்த்தால் நான்கு மூலைக் கோபுரமும் வெயிலில் தெரியும். கையில் சுண்டல் இருக்கட்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பல மாதம் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன், டிவியில்தான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மணலில் நடப்பது எங்கள் வழக்கம்.

காகிதங்கள்

ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதில் பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி, சாதி, வருமானம், முதல் பட்டதாரி, மாற்றுச் சான்றிதழ் எல்லாம் பத்து நகல். பாஸ்போர்ட் போட்டோ ஒரு டஜன், பசை, ஸ்டேப்ளர், நீல மைப் பேனா. வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தால் இடப்பெயர்வுச் சான்றிதழ் கேட்பார்கள். பழைய இடத்திலேயே மறக்காமல் வாங்கிவிடுங்கள். நான் மறந்தேன், ஒரு பஸ் டிக்கெட்டும் ஒரு நாளும் போனது. அசலை யாரிடம் கொடுத்தாலும் ரசீது வாங்குங்கள். கவுண்டருக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போங்கள். வரிசையில் திருத்தணியிலிருந்தோ மதுராந்தகத்திலிருந்தோ அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்த பிள்ளை எந்தப் படிவம் என்று தெரியாமல் நிற்கும். நீங்கள் உள்ளூர் ஆள், சொல்லிக் கொடுங்கள்.

முடித்துப் போகும்போது நோ டியூஸ் கையெழுத்துகள் வாங்க வேண்டும். துறை, விடுதி, நூலகம். நூலகத்தை முதலில் வைத்துக்கொள்ளுங்கள், அபராதம் எதுவும் இருந்தால் கட்ட நேரம் இருக்கும். நான் அதைக் கடைசியில் வைத்தேன். 12 ரூபாய் அபராதம் கட்டி, நூலக அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது மணி நாலு. ஸ்டேஷனுக்கு நடந்தேன். சீசன் டிக்கெட்டில் இன்னும் ஒன்பது நாள் பாக்கி இருந்தது. கடைசி மாதம் சீசன் எடுக்கும்முன் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.